அரை கேபின் விண்கப்பல்

திருவொற்றியூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் விண்வெளிக் கழகம் கூடும். அண்ணனும் அவன் நண்பர்கள் மூவரும் உறுப்பினர்கள். தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வரும் விண்கப்பலைப் பற்றிப் பேசுவதுதான் கழகத்தின் வேலை. எனக்கு ஒன்பது வயது, அனுமதி இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று கேட்கத் தடையும் இல்லை.

அந்தக் கப்பல் விசித்திரமானது. ஓட்டுபவரின் அறை நடுவில் இல்லாமல் இடது ஓரத்தில், பாதியாக வெட்டிய தீப்பெட்டி போல ஒட்டிக்கொண்டிருக்கும். வரைந்தவன் தூங்கிவிட்டான் என்றது ஒரு கட்சி. வலது பக்கம் இன்னும் காட்டாத பீரங்கி இருக்கிறது என்றது அண்ணன் கட்சி. மூன்று வாரமாகியும் சண்டை தீரவில்லை. சரியான காரணம் சொல்பவர்தான் கழகத் தலைவர் என்று அண்ணன் அறிவித்தான்.

காரணம் எனக்குத் தெரியும். அப்பா துறைமுகத்துக்குள் கன்டெய்னர் இழுக்கும் வண்டி ஓட்டினார். அதற்கும் அரை கேபின்தான், ஒற்றை சீட்டு. நோட்டில் எண் போட்டு எழுதிக்கொண்டு தொட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, அப்பா வண்டியும் இப்படித்தான் என்று சொல்லிப் படித்துக் காட்டினேன். ஒன்று, பின்பக்கம் நன்றாகத் தெரியும். இரண்டு, ரிவர்ஸ் எடுத்து டிரெய்லரை மாட்டுவது சுலபம். மூன்று, இடம் மிச்சம்.

“உங்க நைனா இன்னா, ராக்கெட்டா ஓட்டிகினு கீறாரு?” என்றான் ஒருவன். அண்ணனும் சேர்ந்து சிரித்தான்.

நான் அழவில்லை. கீழே போய், வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த அப்பாவைக் கையோடு இழுத்துவந்தேன்.

அப்பா அண்ணன் கையிலிருந்த கப்பல் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். “பாப்பா சொல்றது கரீட்டு. பின்னால தெரியாம மாட்ட முடியாது” என்றார். பிறகு அந்த அறையின் மேல் விரலை வைத்தார். “ஆனா டிசைன்ல ஒரு மிஸ்டேக் கீது. பக்கத்துல இன்னொரு சீட்டு இல்ல. எட்டு மணி நேரம் இவன் யார்கிட்ட பேசுவான்?”

எல்லோரும் சிரித்தோம். நான் தலைவரானேன். நோட்டில் நான்காவதாக ‘பேச ஆளில்லை’ என்று எழுதி, பக்கத்தில் ‘முக்கியமில்லை’ என்று குறித்தேன்.

அன்று மாலையும் அப்பா வழக்கம்போல ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். எந்த கிரேன் மக்கர் செய்தது, எந்தப் பெட்டி நசுங்கி வந்தது, துறைமுக வாசலில் வண்டிகள் எதுவரை வரிசையாக நின்றன. எங்கள் தொடர் தொடங்கியிருந்தது. திரையில் அந்த அரை கேபினை அருகில் காட்டினார்கள்.

கழகத் தலைவர் என்ற முறையில் நான்தான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.