பெரிய தோட்டாவா, சின்னத் தோட்டாவா

நோர்வூட் தையல் கடையில் மெஷினுக்கு எண்ணெய் விடும் வாசம் வந்தாலே போதும், என்றோ இடித்துப்போட்ட, தேயிலைத் தோட்டத்துத் தொரை பங்களாவின் துப்பாக்கி அறை ஈரச் சுவரும் மர அலமாரியுமாக எனக்குள் எழும்பிவிடும். தொரை மரைமான் வேட்டைக்குக் கிளம்பும் நாட்களில், பங்களா சமையல்காரரான அப்பாவும், காட்டில் தொரைக்கு வழிகாட்டும் செல்லையா மாமாவும் பெரிய தோட்டாவுக்கு ஒன்று, சின்னதுக்கு ஒன்று என்றிருந்த இரண்டு துப்பாக்கிகளுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே ஓயாமல் சண்டை பிடிப்பார்கள்.

"பெரிய தோட்டா போட்டா கறி சிதறிப் போகுது. நான் எதைச் சமைக்கிறது?"

"சின்னதுன்னா அடிபட்டும் ஓடுது மச்சான். பனிக்குள்ள ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துத் தேடிப் போறது நீங்களா?"

இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது.

"மானுக்கு எதுங்க மாமா நல்லது?" என்று ஒருநாள் கேட்டேன். இருவர் கையிலும் துணி அப்படியே நின்றது. பிறகு, நான் கேட்கவே இல்லை என்பதுபோல மறுபடியும் துடைத்தார்கள்.

அன்றைக்குத் தொரை எதை எடுத்துப் போனார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கும் கறி வந்தது. கொஞ்சமும் சிதறாத, முழுசு முழுசான துண்டுகள். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். நான் மட்டும் முதல் துண்டை மெல்லுவதா துப்புவதா என்று புரியாமல் வாயிலேயே வைத்திருந்தேன்.

அப்படியென்றால், அந்த மான் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும்?