பெட்டி பார்க்கப் போன இரண்டு தடவை

பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண்ணிடம் ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. பெட்டி பார்க்கப் போகும்போது மட்டும் எங்கள் தோட்டத்து ஆம்பளைகளுக்கு ஒரு பெண்ணின் காது தேவைப்பட்டது. அந்தக் காது என்னுடையது. அப்போது எனக்குப் பதினேழு வயது.

எங்களுடையது எஹலியகொடவுக்கு மேலே இருந்த ரப்பர் தோட்டம். மார்கழியில் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பஜனை பாடுவோம். ஜால்ராவைத் தவிர வேறு வாத்தியம் கிடையாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆர்மோனியப் பெட்டி இருந்தது. அது யாழ்ப்பாணத்து வாத்தியாருடைய சொந்தப் பெட்டி. அவருக்குப் பாட்டு சுத்தமாக வராது. காலைத் தேவாரத்துக்கு என்னை வாசிக்கவிட்டு அவர் வெற்றிலை போடுவார். நாலு வருஷம் அப்படி வாசித்தேன். அவருக்கு மாற்றல் வந்ததும் பெட்டியும் அவரோடு லொறியில் ஏறிவிட்டது. பிறகுதான் கோயில் கமிட்டியில் பேசி, பஜனைக்கென்று ஒரு பெட்டி வாங்கலாம், நான் வாசிக்கலாம், பெட்டி நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவிலேயே இருக்கலாம் என்று முடிவானது. அந்த முடிவைக் கேட்ட அன்று சோற்றுத் தட்டின் விளிம்பிலேயே விரலை ஓட்டி வாசித்துக்கொண்டிருந்தேன்.

கமிட்டித் தலைவராக இருந்த கங்காணியும் நானும் அம்மாவும் இரத்தினபுரிக்கு பஸ் ஏறினோம். பழைய சாமான் விற்கும் முஸ்லிம் கடை ஒன்றின் பின்னறையில் மூன்று பெட்டிகள் இருந்தன. மூன்றும் ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட எங்கள் ஆட்கள் விற்றுவிட்டுப் போனவை. அந்தக் காலத்தில் கப்பலேறியவர்கள் அம்மியைக்கூட விற்றார்கள்.

"மூணு சாமானும் நல்லா ஈக்கி. வாசிச்சிப் பாத்தே எடுங்க புள்ள," என்றார் கடைக்காரர்.

கங்காணிக்கு முதல் பெட்டியே பிடித்துவிட்டது. பூப்போட்ட கண்ணாடி பதித்து, வார்னிஷ் பளபளத்தது. நான் துருத்தியை முழுக்க விரித்து, கட்டை எதையும் தொடாமல் கையை விட்டேன். துருத்தி உடனே படுத்துக்கொண்டது. காற்று எங்கேயோ ஒழுகியது. இரண்டாவது பெட்டியில் ஒரு கட்டை, அமுக்காமலே முனகிக்கொண்டிருந்தது. மூன்றாவது பெட்டிக்கு நிறம் போயிருந்தது, கைப்பிடி ஒன்று இல்லை. ஆனால் விரித்த துருத்தி அப்படியே நின்றது. ஐந்து கட்டை சுருதியில் பிடித்துப் பாடிப் பார்த்தேன். என் குரல் அதில் போய் உட்கார்ந்துகொண்டது. மாரியம்மன் பாட்டு ஒன்றை முழுதாக வாசித்து முடித்தேன்.

"பாக்கவே அசிங்கமா இருக்கே," என்றார் கங்காணி.

"பாக்குறதுக்கா வாங்குறோம் கங்காணியய்யா? கேக்குறதுக்குத்தானே," என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். ஆனாலும் நான் சொன்ன பெட்டியைத்தான் வாங்கினார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது அன்று சாயங்காலம், பஸ்ஸைவிட்டு இறங்கி லயத்துக்கு ஏறும் பாதையில். எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுப் பால்வெட்டுக் கத்தி வாங்கினாலும் ஒரு நாள் அம்மன் காலடியில் வைத்துவிட்டுத்தான் மரத்தில் வைப்போம். கங்காணி பெட்டியை எங்கள் காம்பராவுக்குத்தான் கொண்டுபோகச் சொன்னார். நான்தான், புத்திகெட்டவள், "ஒரு நாளைக்குச் சாமி காலடியில வச்சிட்டு எடுத்துக்கலாங்கய்யா," என்றேன். குங்குமமும் நானே வைத்து, கோயில் வாசலில் கொடுத்தேன்.

மறுநாள் அம்மாவோடு வெட்டிய ரப்பர் பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, கை கழுவி, பெட்டியை எடுக்கப் போனேன். பூசாரி வாசலில் கையை நீட்டி மறித்தார்.

"சாமி காலடிக்கு வந்த பொருள் வெளிய போகக்கூடாதும்மா. உள்ள வந்து வாசிக்கலாம்னா, பொம்பளைங்க உள்ள வரப்படாது."

"கத்தியெல்லாம் எடுத்துட்டுப் போறாங்களே பூசாரி?"

"கத்தி பாட்டா பாடுது?" என்றார்.

இந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவளும் பொம்பளைதானே என்று கேட்டிருக்க வேண்டும். கங்காணியிடம் போய் அழுதேன். "பூசாரி சொன்னா நான் என்னம்மா செய்யிறது?" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டார் என்பதைச் சும்மாவா சொன்னார்கள்.

பெட்டி பூசாரியின் தம்பி கைக்குப் போனது. அவர் எங்கள் மலையில் பால் வெட்டுகிறவர், நல்ல மனுஷன், குடிப்பதில்லை. ஆனால் கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? நாங்கள் ஐந்து கட்டையில் பாடினால் அவர் விரல் விழுந்த இடத்தில் வாசிப்பார். பத்து வருஷம் மார்கழி தோறும் அதைக் கேட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்று பாடினேன். கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்து பால் வெட்டினேன். அந்தப் பெட்டி எனக்கு என்றாவது கிடைக்கும் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், புருஷன் மேலேகூட அவ்வளவு ஆசை வைத்ததில்லை.

ஒரு வருஷம் மழை விடாமல் ஊற்றியது. மழை நாளில் பால் வெட்டு இல்லை, ஆம்பளைகள் கீழே டவுனுக்கு இறங்கியிருந்தார்கள். கோயிலுக்குப் பின்னால் ஓடிய ஓயா என்ற சிற்றாறு பெருகி, கோயிலுக்குள் தண்ணீர் ஏறியது. நான் யாரையும் கேட்கவில்லை. உள்ளே போனேன், தண்ணீர் தொடுவதற்குள் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்து எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் இறக்கினேன். ஒரு சொட்டு ஈரம் படவில்லை. மழை இரைச்சலில் வாசித்தால் பக்கத்துக் காம்பராவுக்குக்கூடக் கேட்காது. புருஷனும் வீட்டில் இல்லை. மத்தியானம் முழுக்கப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூடியைத் திறக்கவில்லை. பயம். இதற்காக என் மேல் எனக்கு இருக்கிற கோபம் பூசாரி மேலேகூட இல்லை.

தண்ணீர் வடிந்ததும் வந்து எடுத்துப் போனார்கள். நல்ல வேலை செய்தாய் என்று ஒருவராவது சொல்லுவார் என்று பார்த்தேன். பூசாரி, பொம்பளை கை பட்டதற்குத் தீட்டுக் கழிக்க வேண்டும் என்றார். பெட்டியின் மூடியைத் திறந்து, கட்டைகள் மேலே ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். வெள்ளம் தொடாத பெட்டியை மஞ்சள் தண்ணீர் முடித்துவிட்டது. மரம் ஊறிப் பாதிக் கட்டைகள் அமுக்கினால் மேலே எழும்பவில்லை. உள்ளே சத்தம் எழுப்பும் பித்தளை ரீடுகள் பச்சை பிடித்தன.

"பொம்பள கை பட்டுச்சி, அதான்," என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. நான் கத்தியை எடுத்துக்கொண்டு பால் வெட்டப் போனேன்.

அடுத்த மார்கழிக்கு முன்னால் கங்காணி எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"புதுசு ஒண்ணு எடுக்கணும். நீ ஒரு தடவ வந்து பாத்துச் சொல்லிட்டா..."

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் வாசித்துப் பார்க்கலாம் என்று போனேன், வேறொன்றுக்கும் இல்லை.

அதற்குள் வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கியிருந்தன. பழைய கடையில் ஆர்மோனியம் இல்லை. சிங்கள முதலாளி ஒருவருடைய ரேடியோக் கடைக்கு அனுப்பினார்கள். கண்ணாடி அலமாரியில் பாட்டரியில் ஓடும் இரண்டு ஜப்பான் ஆர்கன்கள் இருந்தன. ஒன்று நீளமானது, விரலுக்கு அளவான கட்டைகள். மற்றது முழ நீளந்தான். சுண்டு விரல் அகலத்தில் பொத்தான் பொத்தானாகக் கட்டைகள், சிவப்பு வெளிச்சம், தானாகவே தாளம் தட்டும் விசை ஒன்று, தானாகவே ஒரு வெள்ளைக்காரப் பாட்டைப் பாடும் விசை ஒன்று. தகர டப்பாவுக்குள் கொசு கத்துகிற மாதிரிச் சத்தம்.

நீளமானதைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். துருத்தி இல்லை, இரண்டு கையும் எனக்கே. பதினேழு வயதில் வாசித்த அதே மாரியம்மன் பாட்டை வாசித்தேன். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. கடைக்கு வந்தவர்கள் நின்று கேட்டார்கள். முதலாளி, "ஹரி லஸ்ஸனய் நங்கி," என்றார். ரொம்ப அழகாக இருக்கிறது தங்கச்சி என்று அர்த்தம். என் வாசிப்புக்கு வாழ்நாளில் கிடைத்த பாராட்டு அந்த ஒன்றுதான்.

"போதும் புள்ள, பஸ் போயிரும். எது நல்லது?" என்றார் கங்காணி.

நான் சின்னதைக் காட்டினேன்.

"இதா? நெசமாவா?"

"இதுதான் கங்காணியய்யா. கண்ண மூடிட்டு வாங்குங்க."

வெளிச்சம் எரிவதைப் பார்த்து அவருக்கும் சந்தோஷம். அன்று பஸ்ஸில் வரும்போது எனக்குள் இருந்த குரூரத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது? பூசாரியின் தம்பிக்குக் கத்தி பிடித்துக் காய்த்த விரல், அமுக்கினால் மூன்று கட்டை ஒன்றாக விழும். தோட்டமே சிரிக்கும். அப்போது தெரியட்டும் என்று நினைத்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு வாரம் முயன்றுவிட்டு அந்த மனுஷன் தானாகப் பாடும் விசையைத் தட்டிவிட்டார். வெள்ளிக்கிழமைப் பூசையில் கற்பூரம் காட்டும்போது எங்கள் மாரியம்மனுக்கு வெள்ளைக்காரப் பாட்டு கேட்டது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "நல்ல பெட்டியா பாத்துக் குடுத்திருக்கா," என்று பூசாரியே என்னைப் பார்த்துச் சொன்னார்.

நீளமான ஆர்கனை வேறு யாரோ வாங்கிப் போய்விட்டார்களாம். நல்லதைக் காட்டியிருந்தால், யார் வாசித்தாலும், எப்படி வாசித்தாலும், வாசலுக்கு வெளியே நின்றாவது அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கலாம். அந்தத் தோட்டத்தில் அதைக் கேட்கக் காது இருந்தது எனக்கு ஒருத்திக்குத்தான்.