தாமதத்தை அறிவித்தவர்

ரயில் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் அறிவிப்பாளராக இருந்தவர் அவர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது எவ்வளவு நேரம் தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்வதுதான் வேலை. அவர் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. குரல் தெரியாத ஆள் ஊரில் கிடையாது. காய்கறிக் கடையில் நின்று "கால் கிலோ தக்காளி" என்று கேட்டால் போதும், பக்கத்தில் நிற்பவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்ப்பார். மைக் அக்கா என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

ஓய்வு பெற்ற முதல் இரண்டு வருடம் கவலையில்லாமல் போயிற்று. ஒன்றாம் தேதியானால் பென்ஷன் வங்கியில் விழுந்துவிடும். கணவர் தையல்காரர். கண்ணில் அறுவை சிகிச்சை ஆனபிறகு ஊசியில் நூல் கோர்ப்பதே பெரும்பாடாகி, மெஷினை மூடி வைத்துவிட்டார். வாடகை, மருந்து, அரிசி, பருப்பு எல்லாமே அக்காவின் பென்ஷனை நம்பித்தான்.

மூன்றாம் வருடம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. விலைவாசி ஏறியது. கஜானா காலி என்று செய்தியில் சொன்னார்கள். ஒரு மாதம் பென்ஷன் ஐந்தாம் தேதி வந்தது, அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி. அதற்கடுத்த மாதம் முழுதாகக் கழிந்தும் வரவில்லை.

"ஏம்மா, உன் பென்ஷன் எந்த ஸ்டேஷன்ல நிக்குதுன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லேன்" என்றார் கணவர்.

"கிண்டலா உங்களுக்கு?" என்று முறைத்தாலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாளே பென்ஷன் அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

இரண்டாவது மாடியில் நீளமான கூடம். நான்கு ஜன்னல்களில் ஒன்றுதான் திறந்திருந்தது. இருநூறு பேர் நெருக்கியடித்து நின்றார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தார். முன்னால் நின்றவருக்கு அது "அடுத்த வாரம்" என்று கேட்டது, பின்னால் நின்றவருக்கு "அடுத்த வருஷம்" என்று கேட்டது. அவ்வளவுதான், கூடம் கொதித்தது. தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் ஜன்னல் பலகையை ஓங்கித் தட்டினார். குமாஸ்தா பயந்துபோய் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். மருந்துச் சீட்டுகளைக் கையில் பிடித்தபடி நின்றிருந்த ஓய்வு பெற்ற நர்ஸம்மா, "இருந்த ஒரு ஜன்னலையும் சாத்த வெச்சுட்டீங்களே அண்ணே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அக்கா சண்டையில் சேரவில்லை. ஓரமாகப் போய் அதிகாரியின் அறைக்கதவைத் தட்டினார். உள்ளே இருந்த பெண் அதிகாரிக்கு அக்காவுக்கு மகளாக இருக்கும் வயதுதான். மணி மூன்றாகியும் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் மேசையில் இருந்தது.

"மேடம், பணம் வருமா வராதா? அதை மட்டும் சொல்லுங்க."

"வரும்மா. ஆனா மொத்தமா வராது. இனிமே மாசாமாசம் மூணு தவணையாத்தான் விடுவாங்க. சின்ன பென்ஷன்காரங்களுக்குப் பத்தாம் தேதி, அடுத்தவங்களுக்குப் பதினேழு, மிச்சப் பேருக்கு இருபத்தி நாலு. லிஸ்ட் எல்லாம் ரெடியா இருக்கு."

"அப்ப அதை வெளியில சொல்லலாமே?"

"சொன்னா அடிக்க வந்துடுவாங்கம்மா."

"வண்டி லேட்டுன்னு சொன்னா யாரும் அடிக்க வர மாட்டாங்க மேடம். எவ்வளவு லேட்டுன்னு சொல்லாம விட்டாத்தான் வருவாங்க. இதை நான் முப்பத்தோரு வருஷம் பார்த்துட்டேன்."

"மேலிடத்துல இதைச் சொல்லச் சொல்லலையே."

"சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

அதிகாரி இழுப்பறையைத் திறந்தார். பிறகு பட்டியலை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார். எங்கோ அலமாரிக்குப் பின்னால் கிடந்த மைக்கைக் குமாஸ்தா தூசி தட்டிக் கொண்டுவந்தார்.

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார். பழக்கதோஷம், வாய் தானாகவே பேசிவிட்டது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

கூடம் கப்பென்று அடங்கியது. அடுத்த நொடி இருநூறு பேரும் சிரித்தார்கள்.

"மன்னிக்கணும். ஓய்வூதியர்களின் கனிவான கவனத்திற்கு."

"பயணிகள்னே சொல்லுங்க அக்கா! நாங்களும் போற வழியிலதானே உட்கார்ந்திருக்கோம்" என்று ஒரு கிழவர் கத்தினார். மறுபடியும் சிரிப்பு.

தேதிகளை ஒவ்வொன்றாக, நிறுத்தி, இரண்டு முறை சொன்னார் அக்கா. தன் பெயர் இருபத்தி நான்கில் இருப்பதையும் மறைக்காமல் சொன்னார். தீயணைப்பு வண்டிக்காரர் கையைத் தூக்கினார்.

"இருபத்தி நாலாம் தேதியும் வரலைன்னா?"

வரும் என்று சொல்லிவிடுவது சுலபம். அக்கா அதிகாரியைப் பார்த்தார். பிறகு, "வரலைன்னா அன்னைக்குக் காலையில இதே இடத்துல நின்னு, வரலைன்னு நானே சொல்லுவேன் அண்ணே" என்றார்.

அவர் கையை இறக்கினார். "அது போதும்."

நர்ஸம்மாவும் இருபத்தி நான்கில்தான் இருந்தார். அவருடைய மருந்து அதுவரை தாங்காது. "என் பேரு பத்துல இருக்கு, அவங்களுக்கு மாத்திக் குடுங்க" என்று தீயணைப்பு வண்டிக்காரர் முன்னால் வந்தார். அப்படி மாற்ற வழியில்லை என்றார் அதிகாரி. ஆனால் அந்தப் பேச்சில்தான், மருத்துவச் சீட்டு இருப்பவர்களை முதல் தவணையிலேயே சேர்க்கலாம் என்ற விதி அவருக்கு நினைவுக்கு வந்தது. இதுவரை யாரும் கேட்காத விதி. அன்று மாலைக்குள் முப்பத்தெட்டு பேர் பத்தாம் தேதிக்கு மாறினார்கள்.

தேதி தெரிந்ததும் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. வாடகைக்கு வீட்டு உரிமையாளரிடம் தவணை சொல்ல முடிந்தது. மருந்துக்கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசினார். இரண்டாவது மாதம் மூன்றாம் தவணை நான்கு நாள் தள்ளிப்போனபோது, சொன்னபடியே அக்கா காலையிலேயே வந்து அறிவித்தார். யாரும் கத்தவில்லை. பின் வரிசையில் ஒருவர் கைதட்ட, மொத்தக் கூடமும் தட்டியது.

"ஏங்க, லேட்டுன்னு சொன்னதுக்குக் கைதட்டு வாங்கினது என் சர்வீஸ்லயே இதுதான் முதல் தடவை!" என்று வாசலிலேயே கணவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் அக்கா.

மாடி ஏற முடியாதவர்களுக்காக அதிகாரி ஒரு தொலைபேசி எண் ஏற்பாடு செய்தார். அழைத்தால் அக்காவின் பதிவுசெய்த குரல் தேதிகளைச் சொல்லும். தேதி தெரிந்த பிறகும் சிலர் சும்மா அழைத்துக் கேட்டார்கள் என்பது கணக்குப் பார்த்தபோது தெரிந்தது. ஆறாவது மாதம் அக்காவுக்குப் பகுதிநேர வேலைக்கான உத்தரவே வந்துவிட்டது. சம்பளம் சிறியது, ஆனால் வாடகைக்குப் போதும்.

"அறுபத்திரெண்டு வயசுல உனக்கு வேலை கிடைச்சிருக்கு. இப்ப எனக்கு மாப்பிள்ளை மிடுக்கு வேணாமா?" என்று கணவர் தன் பழைய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். பொத்தான் போடத்தான் வயிறு இடம் கொடுக்கவில்லை.

பதினோரு மாதம் இப்படியே ஓடியது. பிறகு நிலைமை மெல்லத் தேறி, பென்ஷன் மறுபடியும் ஒன்றாம் தேதிக்கே வர ஆரம்பித்தது. இனி யாரும் அலுவலகத்துக்கு வரவேண்டியதில்லை என்று அக்காவே அறிவித்தார்.

அடுத்த திங்கட்கிழமை நாற்பது பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தீயணைப்பு வண்டிக்காரர் சதுரங்கப் பலகை கொண்டுவந்திருந்தார். நர்ஸம்மா ஒரு மூலையில் எல்லாருக்கும் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அரசாங்க அலுவலகம்! வேலை இல்லாதவங்க எல்லாம் கிளம்புங்க" என்று அதிகாரி குரலை உயர்த்தினார். யாரும் அசையவில்லை. பத்து நிமிடம் கழித்துக் குமாஸ்தாவைக் கூப்பிட்டு, பக்கத்து அறையிலிருந்து இன்னும் ஆறு நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார்.