முழு மதிப்பெண் வாங்கிய தேயிலைத் தோட்டம்

அடைத்த ஜன்னல்களுக்குள் அமில நெடியும் ஐம்பது பிள்ளைகளின் வியர்வையும் கலந்து கிடந்த அந்த வாடையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மணிமுத்தாற்றுப் பக்கம் நான் எட்டாம் வகுப்பு படித்த பள்ளிக்கூடத்தில், வெள்ளிக்கிழமை மத்தியானம் சோதனைக்கூடத்தை இருட்டாக்கி, டிவிடியில் சினிமா காட்டிப் பாடம் நடத்துவார்கள். சமூக அறிவியல் டீச்சர் படத்தை ஓடவிட்டுவிட்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவார்.

தேயிலைப் பாடம் வந்தது. படத்தில் கதாநாயகி சலவைச் சேலை கசங்காமல், கூடையைச் சுமந்தபடி சரிவெல்லாம் ஆடிப் பாடினாள். "நல்லா பாத்துக்கிடுங்க, தேயிலைத் தோட்டம்னா இதுதான்" என்றார் டீச்சர். யாரிடம் சொல்கிறார்? அந்த வகுப்பில் பதினோரு பேர் விடுதியில் தங்கிப் படித்த மலை எஸ்டேட்டுப் பிள்ளைகள், நானும் ஒருத்தி. எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் குறைந்தா போயிருப்பார்? என் பக்கத்திலிருந்த செல்வி மட்டும் எழுந்து, "டீச்சர், இவுகளை அட்டை கடிக்காதா?" என்றாள். வகுப்பே சிரித்தது. "அதிகப்பிரசங்கி" என்று அவளை வெளியே நிறுத்தினார். நானும் சேர்ந்து சிரித்தேன், வெட்கங்கெட்டவள்.

அடுத்த வாரத் தேர்வில், பார்த்த படத்தைக் கொண்டு தேயிலைத் தொழிலாளர் வாழ்க்கையை விவரிக்கச் சொன்னார்கள். அட்டை ஏறாமலிருக்கப் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துக் காலில் பூசிக்கொண்டு, இடுப்பில் தார்ப்பாயைச் சுற்றி, மழையோடு மழையாகக் "கொழுந்து" கிள்ளிவிட்டு வருகிற அம்மாவின் விரல்களில் கறுத்த கறை எத்தனை தேய்த்தாலும் போகாது என்பதும், எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிவிட்ட "லைன் வீட்டு" அடுப்படியில், குளிரில் விறைத்த அந்த விரல்களை நெருப்பில் காட்டிக் காட்டித்தான் அவள் மடக்குவாள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் எதை எழுதினால் மார்க் விழும் என்பதும் தெரியும். பாடிக்கொண்டே இலை பறிக்கிறார்கள், மாலையில் மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறார்கள் என்று முத்து முத்தாக எழுதினேன். எனக்கு முழு மதிப்பெண். உள்ளதை உள்ளபடி எழுதிய செல்விக்கு முட்டை.

பெற்றோர் தினத்தில் அந்த விடையை என்னை மைக்கில் வாசிக்கச் சொன்னார்கள். அம்மா வேலைக்குப் போகாமல் மலையிலிருந்து பஸ் பிடித்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள், அவளும் தட்டினாள். திரும்பிப் போக பஸ்ஸுக்கு நிற்கும்போது என் கன்னத்தைத் தடவிக் கேட்டாள்: "ஏட்டி, நல்லா வாசிச்ச. அது எந்த எஸ்டேட்? அங்கன ஆள் எடுக்காவளா?"

கேலியில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் படித்து, மைக்கில் வாசித்தது பொய்யாக இருக்காது என்று நம்பித்தான் கேட்டாள். "தெரியாதும்மா" என்றேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். அவளைத் தவிர அத்தனை பேர் மேலும் எனக்குக் கோபம். என் மேல்தான் கூடுதல்.

இன்று நானே டவுணில் ஒரு பள்ளியில் டீச்சர். டிவிடி போய் வகுப்புக்கு வகுப்பு பெரிய திரை வந்துவிட்டது. சினிமா மேல் எனக்கு விரோதம் கிடையாது. நடுவில் நிறுத்தி, இது மெய்தானா என்று பிள்ளைகளிடம் கேட்கிறவர்கள் இருந்தால் அதைவிட நல்ல பாடம் ஏது? கேட்கத்தான் ஆளில்லை. போன மாதம் நான் லீவு போட்ட அன்று, எனக்குப் பதிலாக வகுப்புக்குப் போனவர் ஒரு தேயிலைத் தோட்டப் பாட்டைப் போட்டுக் காட்டி விடையும் எழுதி வாங்கியிருந்தார். நாற்பது நோட்டிலும் பாடிக்கொண்டே இலை பறிக்கிறார்கள், மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறார்கள். நாற்பதையும் சிவப்பு மையில் அடித்தேன்.

ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, "படத்துல அப்படித்தானே டீச்சர் காட்டுதான்? நீங்க சொல்லுததுக்கு யாரு சாட்சி?" என்று கேட்டார்.

மலையில் எஸ்டேட்டை மூடி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். செல்வி எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரியாது. அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது.