சீல் வைத்த சாக்லேட் பெட்டி

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஃப்ரீசரிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தேன். மேலே நான் ஒட்டிய காகித டேப் அப்படியே இருந்தது. டேப்பின் குறுக்கே என் கையெழுத்தும் அப்படியே இருந்தது. பிரித்துப் பார்த்தேன்.

ஒன்பது சாக்லேட் உருண்டைகள் இருக்க வேண்டும். ஆறுதான் இருந்தன.

மூன்று உருண்டைக்காகவா ஒரு பத்தி என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டு நிலவரம் அப்படி. அந்த மூன்றையும் அப்பா தின்றிருந்தால் அவர் உடம்புக்கு ஆபத்து. தின்னாமலே பழி விழுந்தால்... வீட்டுக்கே ஆபத்து. ஏனென்றால் அன்றோடு அம்மாவும் அப்பாவும் ஒருவரோடொருவர் பேசி பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

அப்பா ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா பள்ளிக்கூட டீச்சர், இன்னும் சர்வீஸில் இருக்கிறார். மே மாதம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டாக்டர் நெய், வெண்ணெய், இனிப்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். நான் வழக்கம்போல ஒரு பட்டியல் போட்டேன். கூடாதவை பதினான்கு, கூடியவை ஒன்பது. ஆபீஸில் டைப் செய்து வந்து சமையலறைக் கதவில் ஒட்டினேன்.

ஜூலையில் ஒரு நாள், குடை ரிப்பேருக்கு என்று சொல்லிவிட்டு அப்பா எங்கள் மைசூரின் மண்டி மொஹல்லாவுக்குப் போனார். அதே நேரம் அங்கே ஒரு சந்து வழியாக அம்மா ஆட்டோவில் வந்திருக்கிறார். எதிரே ஒரு லாரி. ஆட்டோ நின்ற இடம், சரியாக ஒரு ஸ்வீட் கடை வாசல். அங்கே அப்பா. ஒரு கையில் குடை. இன்னொரு கையில், காகிதத்தில் வைத்த மைசூர்பாக்கு!

அம்மா ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. சண்டையும் போடவில்லை. வீட்டுக்கு வந்து பேச்சை நிறுத்திவிட்டார்.

இரண்டு நாள் கெஞ்சிப் பார்த்த அப்பாவும் மூன்றாம் நாள் முறுக்கிக்கொண்டார். அதன்பிறகு எல்லாப் போக்குவரத்தும் என் வழியாகத்தான்.

“உங்கப்பாகிட்ட சொல்லு, மாத்திரை டேபிள் மேல இருக்கு.”

“உங்கம்மாகிட்ட சொல்லு, மாத்திரை போட்டாச்சு.”

மூவரும் ஒரே அறையில் இருப்போம். நடுவில் நான் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டிருப்பேன். கழுத்து வலித்தது என்றால் நம்புங்கள்.

நான் யோசித்தேன். அறுபது வருஷம் இனிப்பில் ஊறிய மனிதரிடம் ‘கூடாது’ என்று மட்டும் சொன்னால் சந்துக்குத்தான் போவார். ‘இதற்குப் பதில் இது’ என்று ஒன்று இருந்தால்?

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். பிஸ்கட் கம்பெனி ஒன்றில் தரக் கட்டுப்பாட்டில் வேலை. கம்பெனி லைப்ரரியில் ஒரு வெளிநாட்டுச் சமையல் புத்தகம் கிடைத்தது. அதில் ட்ரஃபிள் என்று சாக்லேட் உருண்டை. க்ரீமும் வெண்ணெயும் கொட்டிச் செய்வது. அதைப் பார்த்ததும் தோன்றியது... க்ரீமுக்குப் பதிலாக பட்டர் ஃப்ரூட், அதாவது அவகாடோ, போட்டால் என்ன? அதே வழவழப்பு. கொழுப்பு அதிலும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது வேறு வகைக் கொழுப்பு.

டாக்டரிடம் கேட்டேன். “தினம் ஒண்ணு. ரெண்டாவதுக்கு எங்கிட்ட வராதே” என்றார்.

இது பட்டர் ஃப்ரூட் சீசன். குடகிலிருந்து கூடை கூடையாக வந்து இறங்குகிறது. மார்க்கெட்டில் பழம் விற்கும் அம்மா கொள்ளேகால் பக்கத்துக்காரர். “கல்லாட்டம் இருக்குதுன்னு பாக்காதீங்க அம்மணி, அரிசிக்குள்ள ரெண்டு நாள் பொதச்சு வைங்க, தன்னால பழுத்துரும்” என்றார். பழுத்தது.

முதல் பேட்ச் படுதோல்வி. காரணம் என் படிப்பு! எங்கள் தொழிலில் எந்தப் பழக்கூழ் வந்தாலும் முதலில் சூடாக்குவோம், கிருமி போவதற்கு. கை தானாக அடுப்பைப் பற்றவைத்துவிட்டது. பட்டர் ஃப்ரூட் சூடு பட்டால் கசக்கும் என்பது சாக்லேட்டில் கலந்து, உருட்டி, அப்பா வாயில் போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பா மெதுவாக விழுங்கினார். “ஏம்மா... இது மைசூர்பாக்கு தின்னதுக்கு ஃபைனா?”

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

புதன்கிழமை செய்த இரண்டாவது பேட்ச் சரியாக வந்தது. செய்முறை கேட்டு எழுதப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே:

ஒன்று, நன்றாகப் பழுத்த ஒரு பட்டர் ஃப்ரூட்டின் சதையை எடுத்துச் சல்லடையில் தேய்த்துக்கொள்ளுங்கள். நார் நின்றுவிடும். அடுப்பு பக்கமே போகாதீர்கள்.

இரண்டு, பழக்கூழைப்போல ஒன்றரை மடங்கு சமையல் சாக்லேட். இனிப்புக் குறைந்ததாக, கறுப்பாக இருக்கட்டும். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும்.

மூன்று, சாக்லேட் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கூழைக் கலந்து, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு சொட்டு வனிலா. ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம். பிறகு நெல்லிக்காய் அளவு உருட்டி, கோகோ பவுடரில் புரட்டுங்கள்.

பழ வாசனையே தெரியாது. சத்தியமாக.

பதிமூன்று உருண்டை தேறியது. அப்பா ஒன்றைச் சாப்பிட்டுக் கண்ணை மூடினார். நான் அம்மாவிடமும் நீட்டினேன். “பேர்லயே பட்டரு. எனக்கு பேடா” என்று பாதிக் கன்னடத்தில் வேண்டாம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

வியாழன், வெள்ளி, சனிக்கு அப்பாவுக்கென்று மூன்றைத் தனி டப்பாவில் வைத்தேன். மீதி ஒன்பதை அட்டைப் பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, ‘சாம்பிள் – திறக்கக் கூடாது’ என்று லேபிள் எழுதி ஃப்ரீசரில் வைத்தேன். வீட்டிலுமா என்று சிரிக்காதீர்கள். பழக்கம்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

“மூணு கம்மியா இருக்கு” என்று நான் சொல்லி வாய் மூடவில்லை.

“கேளு உங்கப்பாவ” என்றார் அம்மா. “ஒண்ணு போதும்னு டாக்டர் சொன்னா, மனுஷருக்குக் கேக்குமா?”

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். அவரோ கையை நீட்டினார். “அந்தப் பெட்டியக் குடு.”

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷம் அவர் செய்த வேலை அது. சீல் உடைந்த பார்சலுக்குக் கையெழுத்தே போடமாட்டார் என்று ஸ்டேஷனில் பெயர் வாங்கியவர்.

“மேல சீல உடைச்சது நீ, இப்போதான். அதுக்கு முன்னாடி பெட்டியப் பிரிச்சது அடிப்பக்கம்” என்றார் என்னிடம். “பிரிச்சுட்டுத் திரும்ப ஒட்டியிருக்கு. பாரு, ஒண்ணு மேல ஒண்ணா மூணு தடவ. மூணு நாளைக்கு மூணு. நிதானமான ஆளு.”

நகத்தால் சுரண்டினார்.

“இது கோந்து. ஏம்மா, நம்ம வீட்டுல கோந்து பாட்டில் யாரு வச்சிருக்கா?”

பரீட்சைப் பேப்பர் கட்டுகளுக்கு உறை ஒட்டுகிறவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

“ஆமா. நான்தான் எடுத்தேன்” என்று அம்மா வாசற்படிக்கு வந்து நின்றார். “என்ன இப்போ? ஜெயில்ல போடணுமா?”

“நான் குடுத்தப்போ வேண்டாம்னியேம்மா?”

“வேண்டாம்னுதான் இருந்தேன், மனசு கேக்கல. மே மாசத்துலேர்ந்து ஒரு துண்டு ஸ்வீட் வாயில வச்சதில்ல. ஸ்டாஃப் ரூம்ல யாரு கல்யாணம்னு லட்டு குடுத்தாலும், சுகர் இருக்குன்னு பொய் சொல்லிட்டு வந்துடுவேன். இந்த மனுஷர் சாப்பிடக் கூடாதுங்கறப்போ எனக்கு மட்டும் எப்படித் தொண்டைல இறங்கும்? அப்படி நான் இருந்தா... இவரு அங்க நடுத்தெருவுல நின்னு...”

புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பதினெட்டு நாளும் அம்மாவின் கோபம் மைசூர்பாக்கின் மேல் அல்ல. கூடவே பட்டினி கிடந்ததை யாரும் கவனிக்கவில்லையே என்றுதான். நோயாளிக்குப் பட்டியல் போடுகிறோம். பக்கத்தில் இருப்பவர் தனக்குத் தானே ஒரு பட்டியல் போட்டுக்கொள்வதை யார் பார்க்கிறோம்? இருபத்து மூன்று வரி டைப் செய்த நானே பார்க்கவில்லை.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். நான் அடுத்த செய்தியைச் சுமக்கத் தயாரானேன்.

“சரோஜா” என்றார்.

அம்மா நிமிர்ந்தார்.

“எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ?”

“நீங்க கேட்டீங்களா?”

“நான் அங்க நாலு தடவ போனேன். ஒரு தடவ இல்ல.”

“நாலா!”

“நீ பாத்தது நாலாவது. அதுக்கப்புறம் போகல. சத்தியமா.”

“உங்க சத்தியத்தை எந்தப் பார்சல்ல அனுப்பறது?”

அப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை, ஆனால் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். “முதல்ல நீ எடு” என்றார். அன்றைய கணக்கில் ஆளுக்கு ஒன்றுதான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு பேரும் அதை ஒரே வாயில் போடாமல் கடித்துக் கடித்துச் சாப்பிட்டார்கள். நடுநடுவே நாலு தடவை போன கதைக்கு வசவு. வசவுக்குப் பதில். பதிலுக்கு இன்னொரு வசவு.

நான் கிடைத்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் வரை இருவரும் ஓயாமல் பேசினார்கள். “உங்கப்பாகிட்ட சொல்லு” ஒன்றுகூட வரவில்லை. தூது போகும் வேலை போயே போய்விட்டது... வேலை போனதற்கு இவ்வளவு நிம்மதிப்பட்டவள், இந்த மைசூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்!