கிரீம் அக்காவின் வயிற்று வேலையாட்கள்

"கத்துங்க, நல்லா கத்துங்க. சர்க்கரை மட்டும் கிடையாது" என்று தன் வயிற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவித்த பீன்ஸை ஒரு கைப்பிடி வாயில் போட்டுக்கொள்கிறாள் கிரீம் அக்கா. மற்றொரு கையிலுள்ள கிரீம் பையிலிருந்து கேக்கின் மேல் ஒரு ரோஜா மலர்ந்துகொண்டிருக்கிறது. பேக்கரியின் பின்கட்டில் கேக்குகளுக்குப் பூ வைப்பது அவள் தொழில். வயிற்றோடு வாய்ச்சண்டை போடுவது அண்மைக்காலப் பழக்கம்.

முன்பெல்லாம் கிரீமின் பதத்தை நாக்கில்தான் பார்ப்பாள். கேக்குக்கு ஒரு விரல் என்பது கணக்கு. விரல் எவ்வளவு ஆழம் முங்கும் என்பதற்குக் கணக்கில்லை. வெட்டும்போது முதலில் கத்தி நுனியால் கோடு போடுவாள். வாங்க வந்தவர் முகம் வாடியிருந்தால் கோட்டை அழித்துவிட்டு, துண்டு பெரிதாகும்படி ஒரு விரற்கடை தள்ளிப் போடுவாள்.

"மூஞ்சியைப் பார்த்தா கேக்கு வெட்டுவாங்க?" என்பார் முதலாளி.

"பின்ன, முதுகைப் பார்த்தா வெட்டுவாங்க?"

இப்படி இருந்தவளின் தம்பிக்குக் கல்லீரல் கெட்டுப்போயிற்று. மதுவைத் தொட்டறியாதவன், ஆனாலும் கல்லீரல் என்றதும் சொந்தக்காரர்கள் ஒரு தினுசாகச் சிரித்தார்கள். கொழுப்பு படிந்து படிந்தே கெட்ட கல்லீரல் அது. வேறு கல்லீரல் வைத்தால்தான் பிழைப்பான். "என்னோடதுல வெட்டிக் குடுங்க" என்று போய் நின்றாள் அக்கா. ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்தால் அவளுடையதிலும் கொழுப்பு.

"இதை இப்ப வெட்ட முடியாதும்மா. குறைச்சுட்டு வாங்க. ஆனா சீக்கிரம் வாங்க" என்றார் டாக்டர்.

எடை, நடை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவளை உலுக்கியது டாக்டர் சொன்ன வேறொன்று. குடலுக்குள் கோடானுகோடிக் கிருமிகள் குடியிருக்கின்றனவாம். நார்ச்சத்து கிடைத்தால் நல்லவை செழித்துக் குடலின் சுவரைக் காக்கும். இனிப்பும் கொழுப்புமாகவே வந்து விழுந்தால் பொல்லாதவை பெருகும், சுவர் கசியும். அவற்றின் கழிவு இரத்தத்தோடு நேரே கல்லீரலுக்குப் போய், அங்கே கொழுப்பு சேரத் துணைபோகும்.

"அப்போ, வேலை செய்யறவனைப் பட்டினி போட்டுட்டு வெட்டிப்பயலுக்கு விருந்து வச்சிருக்கேன்" என்றாள். பேக்கரிப் பின்கட்டை நடத்தத் தெரிந்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆர்வக்கோளாறில் முதலில் ஒரு தப்புச் செய்தாள். 'நல்ல கிருமி' என்று கடையில் விற்ற பாட்டில்களை ஒரு பெட்டி வாங்கி வந்து குடிக்க ஆரம்பித்தாள். தொழில் நாக்கு சும்மா இருக்குமா? "இதுல நம்ம கேக்கைவிடச் சர்க்கரை ஜாஸ்தி" என்று மிச்சத்தை முதலாளி தலையில் கட்டிவிட்டாள். கிரீம் பதம் பார்க்கும் உத்தியோகமும் இப்போது முதலாளிக்கே. அவருடைய சட்டைப் பொத்தான்கள் மூச்சுத் திணறுகின்றன.

"அடுத்த படம் உங்களுக்குத்தான்" என்கிறாள்.

அவளுக்குப் பீன்ஸ், பயறு, கீரை. பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி மீதியை நடக்கிறாள். யாராவது பிறந்தநாள் கேக்கை நீட்டினால், "உள்ள ஆளுங்க வேலையில இருக்காங்க, தொந்தரவு பண்ணாதீங்க" என்று நகர்ந்துவிடுகிறாள். ஒருநாள் மோதிரம் விரலைவிட்டுக் கழன்று மாவில் விழுந்தது. முதலாளி திட்டத் திட்ட, அவள் சிரித்துக்கொண்டே மாவைச் சலித்தாள்.

போன வாரம் மறுபடி படம் எடுத்தார்கள். டாக்டர் திரையை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "போதும்மா, தரலாம்" என்றார். அவள் நேராகத் தம்பி படுத்திருந்த அறைக்குப் போனாள்.

மஞ்சள் பூத்த கண்களோடு அவன் பார்த்தான். "அதுலயும் கிரீம்தானே இருக்கும்? எனக்கு வேணாம்."

"பீன்ஸ் வாசனைதான் அடிக்கும். பொறுத்துக்கடா."

"சரி, எவ்வளவு தருவ?"

அவள் துணிக்கு மேலே, வலது விலாவுக்குக் கீழே, சுட்டுவிரலால் ஒரு கோடு போட்டாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் அதைத் தேய்த்து அழித்துவிட்டு, ஒரு விரற்கடை தள்ளிப் போட்டாள்.