பரோலோவுக்கு மத்தி மீன்

சிதம்பரம் சாலையில் வெறுங்காலோடு தெற்கே நடந்துகொண்டிருந்தேன். விடுதி கொடுத்த ஷூவை அவர்கள் வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டேன். ஜல்லி குத்தியது. ஆனாலும் சிரிப்பு வந்துகொண்டேயிருந்தது.

கடலூருக்குத் தெற்கே, கடலோரம் இருந்த சொகுசு விடுதி அது; அங்கே மேசையில் பரிமாறுவது என் வேலை. ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். விடுதிக்கு வருமுன் பாண்டிச்சேரியில் ஓர் ஓட்டலில் இரண்டு வருடம் கிளாஸ் கழுவினேன். அடியில் மிஞ்சியதைக் கொட்டுமுன் நாக்கில் வைத்துப் பார்ப்பேன். ஒயினை அப்படித்தான் படித்தேன்.

விடுதி முதலாளியின் சென்னை நண்பர்கள் பரோலோ என்ற இத்தாலியச் சிவப்பு ஒயினோடு வருவார்கள். அதற்கு என்ன சமைப்பது என்று முடிவு செய்வது மேனேஜர். அந்தக் கார்த்திகையில் அவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறி, மீன், மது எதையும் தொடக்கூடாது. நான் ஒயின் படித்த கதையை அவரிடம் சொல்லியிருந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னை ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டு, ருசி பார்த்துச் சொல்லச் சொன்னார்.

நாவல்பழம் தின்றபின் நிற்குமே, அந்தத் துவர்ப்பு; ஆனால் அதைவிட முரட்டுத்தனமாக ஈறுகளைப் பிடித்தது. கொஞ்சம் தார் வாசனை, கொஞ்சம் காய்ந்த ரோஜா. கொழுப்பு இருந்தால்தான் இது அடங்கும் என்றேன். ஆட்டு நெஞ்செலும்பைக் குறைந்த காரத்தில், மிளகு தட்டிப் போட்டு, கறி எலும்பை விட்டுக் கழலும்வரை வேகவைக்கச் சொன்னேன். மதியம் தட்டுகள் காலியாயின. எல்லாம் தன் பத்து வருட அனுபவம் என்றார் மேனேஜர். ஒயினைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விட்டால் இன்னும் நன்றாயிருக்கும் என்று நான் வாயைத் திறந்தேன்.

"இவரு எச்சில் கிளாஸ் நக்கியே ஒயின் படிச்ச சாமி," என்று மேனேஜர் விருந்தாளிகளிடம் சொன்னார். மேசையே சிரித்தது. தட்டைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் பல் கூசுகிறது.

இரண்டு வாரம் காத்திருந்தேன். இந்த முறை முதலாளியே சாப்பிட வருவதாக இருந்தது. மேனேஜர் மறுபடியும் கூப்பிட்டார்.

"மத்தி மீன் சாமி," என்றேன். "மொளகாத்தூள் ஜாஸ்தியா போட்டு வறுக்கணும். அந்த ஒயினுக்கு அதான் ஜோடி."

சந்தேகமே படாமல் எழுதிக்கொண்டார். எண்ணெய்ச் சத்துள்ள மீனின் மேல் அந்தத் துவர்ப்பு இறங்கினால், துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல் இருக்கும். காரம் சேர்ந்தால் தொண்டையும் எரியும். எனக்கு அது தெரியும்.

முதலாளி ஒரு துண்டு மென்று, ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு மேனேஜரைப் பார்த்தார்.

"இத நீ வாயில வெச்சிப் பாத்தியா?"

பார்த்தேன் என்றால் விரதம் போச்சு. இல்லை என்றால், அத்தனை நாளும் அளந்தது பொய். மேனேஜரின் கை கழுத்து மாலைக்குப் போய் அங்கேயே நின்றது. நான் ஒவ்வொரு டம்ளராக நிதானமாகத் தண்ணீர் ஊற்றினேன்.

சமையலறைக்கு வந்ததும் அவருக்குச் 'சாமி' மறந்துவிட்டது. "ஏன்டா இப்படிப் பண்ண?"

"எச்சில் கிளாஸ்ல கத்துக்கிட்டது சாமி. தப்பாதான் இருக்கும்."

சிதம்பரம் வரைக்கும் ஒரு சமையலறையிலும் உன்னைப் பாத்திரம் தேய்க்கக்கூட விடமாட்டேன் என்றார். சொன்னபடியே செய்தார். அன்றே வெறுங்காலோடு புதுச்சத்திரம் வரை நடந்து, பஸ் ஏறிச் சிதம்பரத்தில் இறங்கி மூன்று ஓட்டல்களில் கேட்டேன். முன்பு எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டு, போன் போட்டு, மூன்று இடத்திலும் கையை விரித்தார்கள். மன்னிப்புக் கேட்டுத் திரும்பிப் போகலாம் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. பஸ் ஸ்டாண்டில் படுத்தேன்.

காலையில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் பந்தல் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆள் வேண்டுமா என்றேன். பந்தல்காரர் போன் எதுவும் போடவில்லை. உயரம் ஏறுவாயா என்று மட்டும் கேட்டார். ஏறுவேன் என்றேன். அதுவரை ஏறியதில்லை. கயிற்றுச் சுருளை என் தோளில் மாட்டி, மூங்கிலைக் காட்டினார்.